கேபினெட்டில் ஷாக்: வீட்டுக் கணினிக்கு எர்த் ஏற்பாடு, நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கணினி கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று சொன்னால், பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் பதில் ‘எஸ்எம்பிஎஸ் மாத்திடுங்க’ (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ்). மாற்றினாலும் இழுக்கும். விலை கூடிய எஸ்எம்பிஎஸ் போட்டாலும் இழுக்கும். பழுது பெரும்பாலும் பெட்டிக்குள் இல்லை, சுவரில் இருக்கிறது.

இங்கே பேசப்போவது ஒரு சாதாரண ஏற்பாட்டைப் பற்றி: டெஸ்க்டாப், மானிட்டர், பிரிண்டர், மோடம், 600 விஏ யுபிஎஸ், ஒரு ஸ்பைக் பஸ்டர் (மின்னெழுச்சியைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்), மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), வீட்டுக்கென்று தனி எர்த் குழி. இவற்றில் எது வருடக்கணக்கில் தாங்குகிறது, எது பேருக்கு இருக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் அந்தச் சுருக் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலேயே, இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கபாசிட்டர்கள் இருக்கும், பெரும்பாலும் நீல நிறத்தில். ஒன்று பேஸிலிருந்து (மின்சாரம் வரும் கம்பி) கேபினெட் தகட்டுக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து (திரும்பிப் போகும் கம்பி) தகட்டுக்கு. எர்த் சரியாக இருந்தால் இவற்றின் வழியே தகட்டுக்கு வரும் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. எர்த் அறுந்திருந்தால் கேபினெட் பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் நடுவில் மிதக்கும், அதாவது ஏறக்குறைய 115 வோல்ட். ஒரு கபாசிட்டர் 4.7 நானோ ஃபாரட் என்றால் தொடுபவர் உடல் வழியே போவது 0.3 மில்லி ஆம்பியரை ஒட்டி. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மானிட்டர், பிரிண்டர் எல்லாம் சேர்ந்தால் கூட்டிக்கொண்டே போய் ஒரு மில்லி ஆம்பியரை நெருங்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் கையை உதற வைக்கும். டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் செருகும்போது சின்னப் பொறி பறந்து போர்ட் போவதும் இதனால்தான். கணினி, டிவி இரண்டையும் சுவிட்ச் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, கேபிளைச் செருகி, பிறகு மின்சாரம் கொடுப்பது நல்லது.

டெஸ்டர் எரிகிறதா என்று பார்ப்பது இங்கே உதவாது. மிதக்கும் 115 வோல்ட்டுக்கும் எரியும், இன்சுலேஷன் போய் நேரடியாக பேஸ் ஏறிய தகட்டுக்கும் எரியும். பிரித்துப் பார்க்க எளிய வழி, ‘ஜீரோ வாட்’ என்று சொல்லப்படும், இழை உள்ள பழைய 15 வாட் பல்ப் (எல்இடி வேண்டாம்). ஒரு முனையைக் கேபினெட் திருகிலும் மறுமுனையை நியூட்ரலிலும் வைத்தால், கபாசிட்டர் கசிவாக இருந்தால் வோல்டேஜ் படுத்துவிடும், பல்ப் எரியாது. பல்ப் எரிந்தால் உள்ளே உண்மையான பழுது, அந்தப் பெட்டியை மறுபடி செருகக் கூடாது. இதை மின்வேலை தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம்; உள்ளிருக்கும் பெரிய கபாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு மின்சாரம், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

இனி பிளக் பாயிண்ட். நமக்கு எதிரே பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுக்க வேண்டும். பேஸ்-நியூட்ரல் 230 சுற்றி, பேஸ்-எர்த் ஏறக்குறைய அதே, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பேஸ்-எர்த் 110, நியூட்ரல்-எர்த் 110 என்று வந்தால் எர்த் கம்பி எங்கேயோ அறுந்து தொங்குகிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அதிகம் தெரியாதது, நியூட்ரல்-எர்த் அச்சாக 0.0 வந்தாலும் சந்தோஷப்படக் கூடாது என்பது. எர்த் இல்லாத வீட்டில் கணினி ஷாக் அடிக்கிறது என்று புகார் வந்தால், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. சுருக் உடனே நின்றுவிடும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஆனால் ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் ஒருநாள் கழன்றால், அல்லது யாராவது பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கொடுத்தால், கேபினெட் முழுக்க 230 வோல்ட். கண்டுபிடிக்க, அதே சர்க்யூட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு நியூட்ரல்-எர்த்தை மறுபடி அளக்கலாம். உண்மையான எர்த் என்றால் நியூட்ரலில் ஓடும் நான்கு ஆம்பியருக்கு அளவு கொஞ்சமாவது ஏறும். அசையாமல் 0.0 நின்றால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. வீட்டின் எல்லா எர்த் கம்பிகளும் மெயின் போர்டில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கம்பியாகக் குழிக்குப் போகின்றன. அந்தக் கடைசிக் கம்பி அறுந்தால், வீட்டுக்குள் எல்லா எர்த் பின்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், மண்ணோடு மட்டும் இணைந்திருக்காது. அப்போது கீசரின் ஹீட்டர் காயிலில் மின்கசிவு வந்தால் அந்தக் கரன்ட் எர்த் பின் வழியாகக் கணினி கேபினெட்டுக்கும் வந்து உட்காரும். இதுவரை மெல்லச் சுருக்கென்றது ஒருநாள் திடீரென்று ஆளைத் தூக்கி அடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கணினியை அல்ல.

அறுந்து போவது அநேகமாக எப்போதும் ஒரே இடத்தில். குழியில் இறக்கிய 40 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2.5 மீட்டர் நீளம், சுற்றிக் கரியும் உப்பும், இதெல்லாம் பல வருடம் நிற்கும். உப்பு தின்பது மேலே கம்பியைப் பிடிக்கும் போல்ட், நட்டைத்தான். வெளியே முறுக்கமாகத் தெரியும், கழற்றினால் இடையில் துருப் பொடி மட்டும் இருக்கும். வருடம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவி மூடினால் போதும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுவதும் உண்மையிலேயே பலன் தருகிறது. காய்ந்த மண் கடத்தாது.

குழி வேலை செய்கிறதா என்று மல்டிமீட்டர் சொல்லாது. மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம், துருப்பிடித்த இணைப்பிலும் 230 காட்டிவிடும். எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் பல்ப் போட்டுப் பார்ப்பது இதற்காக. ஆர்சிசிபி இல்லாத சர்க்யூட்டில் பல்ப் எரியும்போது பேஸ்-எர்த் அளவு 10 வோல்ட் இறங்கினால் எர்த் பாதையின் தடை ஏறக்குறைய 23 ஓம். ஆர்சிசிபி இருந்தால் பல்ப் வைத்ததும் அது விழ (துண்டிக்க) வேண்டும். ஆனால் எர்த் அறுந்த வீட்டில் இந்தச் சோதனை எல்லாத் தகடுகளிலும் பேஸை ஏற்றிவிடும் என்பதால், அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், குழாய் எதையும் யாரும் தொடக் கூடாது. எர்த் தடையை அளக்கும் எர்த் டெஸ்டர் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட முடிந்தால் அதுவே மேல்.

‘எம்சிபி இருக்கே, எதுக்கு ஆர்சிசிபி’ என்ற கேள்விக்குக் கணக்குதான் பதில் (எம்சிபி என்பது மின்னோட்டம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்). எர்த் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், பேஸ் தகட்டில் பட்டதும் ஓடுவது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்சிபி சட்டென்று விழ 80 ஆம்பியராவது வேண்டும். 23க்கு அது சூடாகி விழுவதற்குள் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை தகட்டில் மின்சாரம் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண் இமைக்கும் முன் விழுந்துவிடும். வாங்கும்போது 100 மில்லி ஆம்பியர் வகையைத் தலையில் கட்டிவிடுவார்கள். அது தீ விபத்துக்கு, ஆளுக்கு அல்ல. கணினி, எல்இடி விளக்கு என்று மின்னணு சாமான் நிறைந்த வீட்டுக்கு ஆர்சிசிபியில் ‘ஏசி’ வகையைவிட ‘ஏ’ வகை பொருத்தம், விலை கொஞ்சம் கூடும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும், அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்தான் சோதிக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் ஜோராக விழும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் பெரும்பாலும் நியூட்ரல் கலப்பு, அதாவது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மற்ற லைனின் நியூட்ரலும் ஒன்றாகச் சேர்ந்திருப்பது. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுத்தால் தீரும். ஆர்சிசிபியை பைபாஸ் செய்வது தீர்வல்ல.

ஸ்பைக் பஸ்டர்கள் விஷயத்தில் அனுபவம் கசப்பானது. மூன்று துளை சாக்கெட், உள்ளே எர்த் கம்பி இல்லாத இரண்டு கோர் வயர். இப்படி விலை குறைந்த பெட்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பிளக்கின் பெரிய பின்னுக்கும் ஒவ்வொரு எர்த் துளைக்கும் இடையே கன்டினியூட்டி (கம்பி இணைப்பு இருக்கிறதா என்று) மல்டிமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லா நாட்டுப் பின்னும் நுழையும் யுனிவர்சல் சாக்கெட்டில் நம் தடித்த எர்த் பின்னைப் பித்தளைத் தகடு சரியாகக் கவ்வுவதில்லை, நாளாக நாளாக இன்னும் தளரும். எர்த் இல்லாவிட்டால் உள்ளே எர்த்தோடு இணைத்திருக்கும் மின்னெழுச்சித் தடுப்பான்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

யுபிஎஸ்ஸின் பேட்டரியைச் சோதிக்க பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் பலருக்கு. பிளக்கோடு எர்த்தும் போய்விடுகிறது, கேபினெட் மறுபடி மிதக்கிறது. சுவர் சுவிட்ச்சை அணைத்தால் பேஸ் மட்டும் துண்டாகும், எர்த் நிற்கும்.

குழி தோண்ட முடியாத வாடகை வீட்டில் ஆர்சிசிபி ஒன்றையாவது போர்டில் போடச் சொல்லி வாங்கலாம். எர்த் இல்லாமலும், பேஸ் ஏறிய தகட்டை ஆள் தொட்ட கணத்தில் அது விழும். சுருக் நிற்காது, உயிர் நிற்கும். குழாயில் வயரைச் சுற்றி எர்த் என்று சொல்வதை மட்டும் அனுமதிக்க வேண்டாம். இப்போது குழாய்களில் பெரும்பாலானவை பிவிசி. பழைய இரும்புக் குழாய் என்றால் கணினியின் கசிவு பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாயில் வந்து நிற்கும்.