பழைய கணினிகளுக்கு ஒரு சிறிய மேசை: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அமிகா 500 ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு கணினி மட்டுமே மேசைக்கு வரும்; மற்ற இரண்டும் கைக்கெட்டும் தட்டில், துணி உறைக்குள் இருக்கும். மூன்றையும் வரிசையாகப் பரப்பி வைப்பது பார்க்க அழகுதான்; ஆனால் அப்படி வைத்தால் உட்கார்ந்து தட்டுவதற்கு இடம் இருக்காது.

வசதியைத் தீர்மானிப்பது நாற்காலியைவிட மேசையின் உயரமே என்பது என் கருத்து. 1980-களின் வீட்டுக் கணினிகள் பலவற்றில் சர்க்யூட் போர்டும் கீபோர்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், விசைகள் மேசைப் பலகையிலிருந்து நன்றாகவே மேலெழுந்து நிற்கும். 1982-இல் வந்த கமடோர் 64-ஐ வழக்கமான 75 செ.மீ. மேசையில் வைத்துத் தட்டினால் சிறிது நேரத்திலேயே தோள்பட்டை கடுக்கும். பலகையை 67 செ.மீ. அளவுக்குத் தாழ்த்தியதும் அந்தத் தொல்லை நீங்கியது.

திரை விஷயத்தில் இடநெருக்கடிதான் முடிவு செய்தது. படக்குழாய் கொண்ட பழைய சிஆர்டி மானிட்டரின் படத்துக்கு இணையில்லை. ஆனால் அதன் பின்புறம் மேசையின் பாதியை விழுங்கிவிடுகிறது. எனவே 4:3 எல்சிடி திரை ஒன்றைச் சுவரில் பொருத்தி, இடையில் ஒரு கன்வெர்ட்டரை வைத்திருக்கிறேன். இக்கணினிகளின் கிடைமட்ட அலைவெண், அதாவது படத்தின் வரிகளை அனுப்பும் வேகம், ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸ். சாதாரண விஜிஏ திரைகளோ 31 கிலோஹெர்ட்ஸையே எதிர்பார்ப்பதால் நேரடியாக இணைத்தால் பெரும்பாலும் படம் வராது. திரையை நோக்கிச் சுடும் லைட் கன் விளையாட்டுகளுக்குச் சிஆர்டிதான் வேண்டும் என்பதால், அவற்றை மட்டும் இந்தத் திரையில் மறந்துவிட வேண்டும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது மின்சாரத்தில்தான். ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டரில் முனையின் நடுப்பகுதி எதிர்மின் முனை. இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. கமடோர் 64-உடன் வந்த பழைய பவர் சப்ளை பழுதாகும்போது 5 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் ஏறி மெமரி சிப்புகளைக் கொன்றுவிடக்கூடும் என்பதால், புதிதாகச் செய்யப்பட்ட ஒன்றையே பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு அடாப்டரின் முனையருகிலும் கணினியின் பெயரெழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. அவசரத்தில் கை முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

பிளாப்பிப் பெட்டிகள் அடைத்திருந்த தட்டு இப்போது காலி. அமிகாவின் டிரைவ் இருந்த இடத்தில் பிளாப்பி டிரைவைப் போலவே செயல்படும் கோடெக் என்னும் எமுலேட்டர் அமர்ந்து, 880 கிலோபைட் வட்டுகள் நூற்றுக்கணக்கில் அடங்கும் யுஎஸ்பி ஒன்றைப் படிக்கிறது. டிரைவ் தலை நகரும் அந்தக் கடகட ஒலி போய்விட்டது என்பதில் வருத்தம் உண்டு.

வெயில் நேரடியாகப் படாத சுவரைத் தேர்ந்தெடுத்தது நல்ல பலன் தந்திருக்கிறது. பிளாஸ்டிக் மஞ்சளாவதை அது முழுவதும் தடுக்காவிட்டாலும் தாமதப்படுத்துகிறது.

அமிகாவின் வீடியோ இணைப்பு மட்டும் இன்னும் இடைஞ்சலாகவே இருக்கிறது. அதற்கான 23 முள் கனெக்டர் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அடிக்கடி பிடுங்கிச் செருக மனம் வராததால், கணினி தட்டுக்குத் திரும்பும்போது கேபிளும் கழற்றப்படாமல் அதனோடு சுருட்டி வைக்கப்படுகிறது.