லியோபோல்ட் கஃபே, கொலாபா: தழும்புகளை மறைக்காத உணவகம்

மும்பைக்குப் போகிறவர்கள் கொலாபா பக்கம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் லியோபோல்ட் கஃபே. ருசிக்காக மட்டும் தேடிப் போக வேண்டிய இடம் என்று அதைச் சொல்ல மாட்டேன். பயங்கரவாதத் தாக்குதலுக்கு ஆளான ஒரு நகரம் அதன்பின் எப்படி எழுந்து நடந்தது என்பதை, சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபடியே கண்ணால் காண முடிகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்திரியர்கள் 1871இல் தொடங்கிய கடை இது. முதலில் சமையல் எண்ணெய் மொத்த வியாபாரம் நடந்தது, பிறகுதான் உணவகமாயிற்று. மும்பையின் மற்ற ஈரானி கடைகளில் பன் மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) தேநீருமே பிரதானம் என்றால், இங்கே பீரும் உண்டு, சீன உணவும் உண்டு, மீன் வறுவலும் உண்டு, பிரியாணியும் உண்டு. உயரமான கூரை, சுழலும் மின்விசிறிகள், சுவரெங்கும் பழைய சுவரொட்டிகள், நடைபாதையைப் பார்த்தபடி அகலத் திறந்திருக்கும் வாசல்கள். வெயிலில் கொலாபா காஸ்வே கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்து உட்காருபவருக்கு உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவும் ஒரு தட்டு மீன் வறுவலும் போதும். வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருக்கும் வட்டாரத்துக்கு உரிய விலைதான் இங்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அகன்ற வாசல்களின் வழியாகத்தான் 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் வந்தார்கள். இரவு ஒன்பதரை மணியைத் தாண்டியிருந்த வேளையில் இருவர் கையெறி குண்டை வீசித் துப்பாக்கியால் சுட்டார்கள். சில நிமிடங்களே நீடித்த அந்தத் தாக்குதலில் பத்து உயிர்கள் போயின. அவர்களில் இருவர் இந்தக் கடையின் பணியாளர்கள். பிறகு கொலையாளிகள் நடந்தே தாஜ் ஹோட்டலை அடைந்தார்கள், அவ்வளவு பக்கம். நகரத்தில் நவம்பர் 29 காலை வரை தொடர்ந்த அந்தப் படுகொலையில் இறந்தவர்கள் 166 பேர்.

நான்கே நாட்களில் கடையை மீண்டும் திறந்தார்கள். திறந்ததைவிட, எதைச் சரி செய்யாமல் விட்டார்கள் என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். சுவரில் குண்டு பாய்ந்த துளைகளைப் பூசி மூடவில்லை. அருகே போய்ப் பார்த்தால், விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்துபோன காரை தெரிகிறது. கண்ணாடியிலும் அதே தடயம் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மேசையில் ஒரு குடும்பம் நூடுல்ஸ் பகிர்ந்துகொண்டிருக்கும். பணியாளர் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். கயிறு கட்டித் தடுத்து அருங்காட்சியகப் பொருளாக்கியிருந்தால் இந்த இடம் உணவகமாக இருக்காது. சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தால் அங்கே இறந்தவர்களுக்கு அது நியாயமாகாது. இரண்டையும் செய்யாமல் விட்ட அந்த முடிவு எனக்கு மிகவும் சரியானதாகப் படுகிறது.

மும்பை மக்களின் மனவுறுதியைப் பாராட்டிப் பேசுவது ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பாராட்டில் பாதியை நான் ஏற்கிறேன். அதே இரவில் சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட மறுநாள் காலையிலேயே அங்கிருந்து ரயில்கள் ஓடின, மக்கள் ஏறினார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு வீட்டில் இருக்கும் வசதி இல்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதை மனவுறுதி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், காக்க வேண்டியவர்கள் எங்கே தவறினார்கள் என்ற கேள்வி அமுங்கிப் போகும். பயங்கரவாதிகளை எதிர்கொள்ளும் தேசியப் பாதுகாப்புப் படை அன்று தில்லிக்கு அருகிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது. அதன் பிறகே, 2009இல், மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய நகரங்களில் அந்தப் படைக்குத் தளங்கள் அமைந்தன. மாநகரக் காவல்துறையின் செயல்பாட்டை ஆராய ராம் பிரதான் குழுவை மகாராஷ்டிர அரசு நியமித்தது. ஒரு நகரம் மீள்வதில், கடை திறப்பதோடு இந்த வேலைகளும் சேர்ந்தவைதாம்.

கஃபேயில் சாப்பிட்டு முடித்ததும் தாஜ் வரை நடந்துவிட்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். தாஜின் கோபுரப் பகுதி 2008 டிசம்பர் 21 அன்றே திறக்கப்பட்டது. தீயில் கருகிய 1903ஆம் ஆண்டுப் பழைய மாளிகைப் பகுதி நுணுக்கமாகச் சீரமைக்கப்பட்டு 2010 ஆகஸ்ட் 15 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. அங்கே பழைய அழகை அப்படியே திரும்பக் கொண்டுவந்து, இறந்தவர்களின் பெயர்களைத் தனி நினைவிடத்தில் பொறித்திருக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கைகூடிய வழி அது. சிறிய கஃபே தன்னால் இயன்ற வழியைத் தேர்ந்தது. மனதில் நிற்பது எது என்று கேட்டால், நான் கஃபேயின் சுவரைத்தான் சொல்வேன்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் காலைச் சிற்றுண்டி நேரத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. அப்போது நிதானமாக அமர்ந்து பேசலாம். இரவில் பீர் மேசைகளின் ஆரவாரம் கூடிவிடும், அது பிடித்தவர்கள் அப்போது போகலாம். சுவரைப் படம் எடுப்பதானால் கீழே அமர்ந்து சாப்பிடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பணியாளர்களிடம் அந்த இரவைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். கூட வேலை பார்த்தவர்களை இழந்த கடை அது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.