மகிழம்பூ அத்தரா, தாழம்பூ அத்தரா?

மகிழமரத்தடியில் விடியற்காலையில் பூப் பொறுக்கியவர்களுக்குத் தெரியும்: ஒற்றைப் பூவை மூக்கருகே வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு பிடி சேர்ந்த பிறகுதான் தேனும் மரப்பட்டையும் கலந்தாற்போல ஒரு மணம் மெல்ல எழும். தாழம்பூ அப்படியல்ல. ஒரு மடல் வாசற்படி தாண்டினால் போதும், அடுக்களை வரைக்கும் தெரிந்துவிடும்.

தாழம்பூ அத்தரின் தாயகம் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம். அங்கு விளையும் பூவுக்கும் அதன் எண்ணெய்க்கும் புவிசார் குறியீடு உண்டு. செப்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு மூடிச் சூடேற்றுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே வந்து, சந்தன எண்ணெய் ஊற்றிய செப்புக் குடத்துக்குள் இறங்கும். மகிழம்பூ அத்தரும் இதே முறையில்தான் வடிக்கப்படுகிறது. வடக்கே அதற்கு ‘பகுல்’ என்றும் பெயர் உண்டு. மகிழத்தின் இன்னொரு பெயரான நம் வகுளம்தான் அது.

முறை ஒன்றாக இருந்தும் பலன் வேறுபடுவது ஏன்? மகிழம்பூ மணத்தில் பெரும்பங்கு ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், ரோஜாவிலும் இருப்பதுதான். சாதுவான பொருள், தண்ணீரில் ஓரளவு கரையும். அதனால் வடிக்கும்போது அதில் கணிசமான பங்கு எண்ணெயில் சேராமல் நீரிலேயே தங்கிவிடும். தாழம்பூவின் முக்கிய மணப்பொருளான ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர் இதற்கு நெருங்கிய உறவு. ஒரு மெத்தில் கூடியதுதான் வித்தியாசம். ஆனால் அது எளிதில் ஆவியாகும், எண்ணெயோடு ஒட்டும், மூக்கைத் தேடி வரும்.

புராணத்தில் தாழம்பூ பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிச் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது. திருவொற்றியூர் மகிழமரமோ சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்துக்குச் சாட்சி. குப்பிக்குள் வந்தால் கதை தலைகீழ். தாழம்பூ அத்தர் பூவை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. நான் ஆசையாக வாங்கிய மகிழம்பூ அத்தர் மணிக்கட்டில் பட்டதும் கொஞ்சம் இனித்தது, பத்து நிமிடத்தில் வெறும் சந்தனமாகிவிட்டது. அதாவது, நல்ல சந்தனமாவது மிஞ்சியது. சந்தன எண்ணெய் விற்கும் விலைக்கு இப்போது பலர் பாரஃபின் எண்ணெயில்தான் வடிக்கிறார்கள். அதில் வடித்த மகிழம்பூவை வாங்குவது காசைக் கரியாக்குவதுதான்.

ஆகவே பூசிக்கொள்ள என் ஓட்டு தாழம்பூவுக்கு, அதுவும் ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. இரண்டாவது சொட்டு விழுந்தால் பிரியாணி நினைவு வரும். வடக்கே பிரியாணியிலும் இனிப்பிலும் தெளிக்கும் கேவ்டா நீர் இதே பூவிலிருந்து வடித்ததுதான். வெட்டிவேர் அத்தரோடு சேர்த்தால் தாழம்பூவின் துருத்தல் அடங்கும்.

மகிழம்பூவை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்குக் குப்பி தேவையில்லை என்கிறேன். உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சட்டைப் பொத்தான் அளவு, வெண்மையில் லேசான மஞ்சள், சக்கரம் போல விரிந்த கீற்றுகள், பொறுமையாக எண்ணினால் 24 வரும். நடுவில் துளை இருப்பதால் கோக்க ஊசி வேண்டாம், வாழைநார் போதும். மல்லிகை மறுநாளே நாறிப்போகும். மகிழம்பூ காய்ந்து பழுப்பேறிய பிறகும் மணக்கும், சொல்லப்போனால் அப்போதுதான் அழுத்தமாக மணக்கும். நிழலில் நன்றாக உலர்த்திப் பருத்தித் துணியில் முடிந்து புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். ஈரம் மட்டும் இருக்கக் கூடாது. போன வருடம் அவசரப்பட்டு வைத்த ஒரு முடிச்சு பூசணம் பிடித்து, ஒரு சுங்குடிப் புடவையில் பழுப்புக் கறையை விட்டுப் போயிருக்கிறது.