கீழ்முதுகு வலி: நீர்ப்பயிற்சியா, நடையா?

குனியவே பயப்படும் அளவுக்கு நாள்பட்ட வலி இருந்தால், நான் முதலில் தண்ணீரைத்தான் சொல்வேன். இடுப்பளவு நீரில் நின்றாலே கால்கள் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். முதுகெலும்பின் சுமையும் குறையும். வெதுவெதுப்பான நீர் இறுகிய தசையைத் தளர்த்தும், நீரின் எதிர்ப்பு அதே தசைக்கு வேலையும் கொடுக்கும். 2022இல் வெளியான சீன ஆய்வில், 3 மாதம் நீர்ப்பயிற்சி செய்தவர்கள், மின்தூண்டல், அகச்சிவப்புச் சிகிச்சை பெற்றவர்களைவிட ஓராண்டு கழித்தும் நன்றாக இருந்தார்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆழமில்லாத இடத்தில் நின்றபடியே பல பயிற்சிகளைச் செய்யலாம்.

நடைக்குக் குளம் வேண்டாம், காசும் வேண்டாம். வலி தணிந்த பிறகு அது திரும்பாமல் தள்ளிப்போட நடைதான் கைகொடுக்கும். 2024இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வழிகாட்டலோடு நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது, அந்த வழிகாட்டல் பெறாதவர்களில் 112 நாள்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ இரண்டையும் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.