தள்ளிப்போட்ட வேலைகளுக்குத் திருகு டைமர்: ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தினால் தெரிவது

முட்டை வேகவைக்கச் சமையலறையில் வைத்துக்கொள்கிற, கையால் திருகிவிடும் டைமரைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. பேட்டரி கிடையாது, திரை கிடையாது. 60 நிமிடம் வரை எண் போட்ட வட்டு, உள்ளே சுருள்வில், நேரம் முடிந்ததும் 'டிர்ர்ர்' என்று ஒரு மணி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 1980களின் இறுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவில் இருந்த இப்படியொரு டைமரை வைத்துத்தான் பொமொடோரோ முறையை உருவாக்கினார். இத்தாலிய மொழியில் தக்காளிக்கு அதுதான் பெயர். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு.

நாள்பட்ட பயன்பாட்டில் முதலில் புரிவது இதுதான்: அந்த 25 நிமிடக் கணக்கு, ஏற்கெனவே கை வைத்துவிட்ட வேலைக்கு அருமையாகப் பொருந்துகிறது, மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலைக்குப் பொருந்துவதில்லை. தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று திட்டுவது தவறு. அந்த வேலையை நினைத்தாலே எரிச்சலோ பயமோ குழப்பமோ வருகிறது; அதிலிருந்து தப்பிக்கத்தான் கை வேறெதையோ தேடிப் போகிறது. அப்படிப்பட்ட வேலையோடு 25 நிமிடம் உட்கார வேண்டும் என்றால் மனம் மறுத்துவிடும். 10 நிமிடம்தான் என்றால் இறங்கி வரும். முதல் இரண்டு வாரம் 10க்கு மேல் திருகவே வேண்டாம்.

மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'நன்றாகத்தான் ஓடுகிறது, இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம்' என்று ஒன்றரை மணி நேரம் இழுத்துவிட்டால் அன்றைக்குத் திருப்தியாக இருக்கும். மறுநாள் டைமரைத் திருகப் போகும்போது, 10 நிமிடம் என்பது பொய் என்று மனதுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு அந்த டைமர் மேசையில் ஒரு பொம்மைதான். தொடர வேண்டும் என்று தோன்றினால் எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புதிதாக 10 திருகிக்கொள்ளலாம்.

டைமரோடு கூடவே வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு. விளைவைச் சொன்னால், பாதிக்கு மேல் வேலை செய்வது டைமர் அல்ல, இந்தச் சீட்டுதான். அதில் வேலையின் பெயரை எழுதக் கூடாது. கை செய்ய வேண்டிய முதல் செயலை எழுத வேண்டும். 'பரண் சுத்தம்' என்று எழுதினால் ஆறு மாதம் ஆனாலும் அது அப்படியே இருக்கும். 'ஏணியைக் கொண்டுவந்து, இடது ஓரத்து அட்டைப்பெட்டியை மட்டும் கீழே இறக்கு' என்று எழுதினால் நடக்கும். மணி அடித்து எழுவதற்கு முன் அதே சீட்டில் அடுத்த செயலையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். 'எங்கே விட்டோம்' என்று மறுநாள் யோசிக்க வைத்தாலே பாதிப் பேர் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

வருமான வரிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குப் பொதுவாக ஜூலை 31 கடைசி நாள். தவறினால் மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருப்பவருக்கு 5,000 ரூபாய் வரையும், அதற்குள் இருப்பவருக்கு 1,000 ரூபாய் வரையும் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீத வட்டி வேறு. இவ்வளவு தெரிந்தும் தள்ளிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் வரிக் கணக்கே அல்ல; தளத்தின் பாஸ்வேர்டு மறந்துபோயிருக்கும். அதுதான் வாசலில் கிடக்கும் கல். ஆகவே முதல் 10 நிமிடத்தின் சீட்டு: 'ஆதார் ஓடிபி மூலம் பாஸ்வேர்டை மாற்று.' அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவது சுற்றில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (ஆண்டு முழுக்க உங்கள் வருமானம், பரிவர்த்தனைகளின் தொகுப்பு) இரண்டையும் அந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஏஐஎஸ் கோப்பு திறக்காமல் எரிச்சலூட்டுவதும் இங்கேதான்: பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை 8 இலக்கமாகச் சேர்த்தால் திறக்கும். மூன்றாவது சுற்றில் அவற்றைப் படிவம் 16உடன், அதாவது சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் சான்றிதழுடன், ஒப்பிட வேண்டும். சேமிப்புக் கணக்கு வட்டி பெரும்பாலும் படிவம் 16இல் இருக்காது, ஏஐஎஸ்ஸில் இருக்கும். நான்காவதில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும் விவரங்களைச் சரிபார்த்துச் சமர்ப்பிக்கலாம். சமர்ப்பித்த அன்றே மின்சரிபார்ப்பையும் (கணக்கைத் தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று இணையத்திலேயே உறுதிசெய்வது) முடித்துவிடுங்கள். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு; அதைத் தாண்டிச் செய்தால், சரிபார்த்த நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். 40 நிமிட வேலை. ஒரே மூச்சில் செய்யப் போனால் பாஸ்வேர்டிலேயே சலித்து மூடிவிடுவோம்.

மொபைலில் டைமர் இருக்கும்போது தனியாக எதற்கு என்ற கேள்வி நியாயமானது. திருகு டைமருக்கும் மொபைல் டைமருக்கும் நேரம் ஒன்றுதான். ஆனால் மொபைலைக் கையில் எடுத்தால் டைமரைத் தொடும் முன்பே வாட்ஸ்அப்பில் மூன்று செய்தி கண்ணில் படும். ஓய்வு நேரத்துக்கும் இதே கணக்கு. ரீல்ஸுக்கு முடிவு என்று ஒன்று இல்லாததால் 5 நிமிட ஓய்வு அங்கே முடிவதில்லை. கொடியில் துணி காயப்போடுவது, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பது போலத் தானாக முடிந்துவிடும் வேலைகள்தான் ஓய்வுக்கு ஏற்றவை.

கருவியைப் பற்றி. குறைந்த நிமிடத்துக்கு நேரடியாகத் திருகினால் சுருள்வில்லுக்கு முறுக்கு போதாது. பாதி வழியில் நின்றுவிடும், அல்லது மணி 'டிக்' என்று ஒரு தடவை முனகிவிட்டு அடங்கிவிடும். முதலில் 60 வரை முழுதாகத் திருகிவிட்டு, பிறகு 10க்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு நிமிடம் முன்பின்னாக அடிப்பது சகஜம். இந்த வேலைக்கு அது பொருட்டல்ல. எவர்சில்வர் மேடையில் வைத்தால் டிக்டிக் சத்தம் எதிரொலித்துத் தலைவலி வரும். நாலாக மடித்த துணிமேல் வைத்தால் அடங்கிவிடும். அடுப்புப் பக்கம் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் வட்டு இறுகிப்போகும்.

மூன்றாவது மாத வாக்கில் ஒரு தொய்வு வரும். மணி காதில் விழும், உடம்பு நகராது. எல்லா வேலைக்கும் டைமர் வைக்கத் தொடங்குவதுதான் காரணம். காய் நறுக்கவும் டைமர், செய்தித்தாள் படிக்கவும் டைமர் என்றால் மணிக்கு மதிப்பு போய்விடும். சுற்றுகளை எண்ணி டிக் போடும் பழக்கமும் கெடுதல். எண்ணிக்கையைக் கூட்டச் சுலபமான வேலைகளையே மனம் பொறுக்கி எடுக்கும். ஒரு நாளில் இரண்டே வேலை, அவையும் தள்ளிப்போட்டவையாக மட்டுமே இருக்கட்டும் என்று குறைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் பழைய நிலை திரும்பும்.

சிலவற்றுக்கு இது பொருந்தவே பொருந்தாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் மணி வேண்டாம். நீண்ட கணக்கு, நிரல் எழுதுவது போன்றவற்றில் மூழ்கியிருக்கும்போது மணி இடைஞ்சல். அங்கே தொடங்குவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு ஓரமாக வைத்துவிடலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தெரிந்தே மாதக்கணக்கில் ஒத்திப்போடும் உடல் தொந்தரவுக்கு டைமர் எதற்கு? வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டு போய்விடுவதே வழி.

டைமரை அலமாரிக்குள் வைக்காதீர்கள். மறுநாளைய சீட்டின் மேல், எழுத்து தெரியும்படி, உட்காரும் இடத்திலேயே இரவில் வைத்துவிட்டுப் படுங்கள்.