எந்த ஊரில் எந்தப் படத்தைப் போடுவது: சில ஆவணப்படங்கள், நேருக்கு நேர்

பாளையங்கோட்டையில் கல்லூரி அரங்கில் கைதட்டு வாங்குகிற படத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நூலக மாடியில் போட்டால், இருபதாவது நிமிடத்தில் பாதி நாற்காலி காலியாகிவிடும். படத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை. எவ்வளவு நீளம், என்ன மொழி, திரையில் யார் பேசுகிறார்கள் என்ற மூன்றையும் கூட்டத்தோடு பொருத்திப் பார்க்காமல் எடுத்துப் போனதால் வரும் வினை அது. சில படங்களை இங்கே ஜோடி சேர்த்து மோதவிட்டிருக்கிறோம். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நூறு பேரிடம் மைக் நீட்டுகிற படத்தைவிட, ஒருவர் வேலை செய்வதைக் கூடவே நின்று பார்க்கிற படம் நம் பக்கத்தில் சட்டென்று பிடிபடும்.

பீ / கக்கூஸ்

இரண்டும் தமிழ். இரண்டும் மனித மலத்தை மனிதர் அள்ளுவதைப் பற்றியவை. அதனாலேயே இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் அடுத்தடுத்துப் போடத் தோன்றும். போடக் கூடாது. முதல் படம் தந்த கனத்தை இரண்டாவது கரைத்துவிடும்.

அமுதன் ஆர்.பி.யின் 'பீ' 2003இல் வந்தது. அரை மணி நேரம்கூட ஓடாது. மதுரையில் கோயிலை ஒட்டிய ஒரு தெரு. அதைத் தினமும் சுத்தம் செய்யும் ஒரு பெண் தொழிலாளி. கேமரா அவர் பின்னாலேயே போகிறது. விளக்குமாறு, வாளி, அடுத்த இடம், மறுபடி விளக்குமாறு. ஐந்து நிமிடத்தில் 'புரிந்துவிட்டது, போதும்' என்று தோன்றும். வேலை முடியவில்லை, ஆகவே படமும் முடியவில்லை. அந்த 'போதும்' என்கிற எண்ணம் நம் தலைக்குள் வந்த இடத்தைத்தான் பிறகு கலந்துரையாடலில் பிடிக்க வேண்டும்.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) நேர் எதிர். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, தொழிலாளிகளிடமும் மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடமும் வாக்குமூலம் வாங்கிய படம். ஒரு முகம் மனதில் பதிவதற்குள் அடுத்த முகம் வந்துவிடுகிறது என்பது அதன் குறை. 'எங்கோ ஒரு ஊரில் நடப்பது' என்று யாரும் தப்பிக்க முடியாது என்பது அதன் பலம்.

மாணவர்களுக்கும் முதல் தடவை பார்ப்பவர்களுக்கும் 'பீ'. தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும் 'கக்கூஸ்'. ஆனால் அது 2017ஆம் ஆண்டுப் படம்; சட்டம் அதன் பிறகு நகர்ந்திருக்கிறது. மலக்குழி மரணத்துக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன இழப்பீடு 10 லட்சம் ரூபாய். 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். பழைய தொகையோடு வீட்டுக்குப் போகிறவர் ஏமாற்றப்படக்கூடும்.

துப்புரவுத் தொழிலாளர்களுக்குப் போடுவதென்றால் இரவு எட்டு மணிக் காட்சி வேண்டாம். விடியுமுன் வேலைக்கு இறங்குகிறவர்கள் அந்நேரம் தூங்கப் போயிருப்பார்கள். மாலை நாலு மணி, இருட்டடிக்கக்கூடிய ஒரு மண்டபம். இன்னொன்று: வடை, சுண்டலைப் படத்துக்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

நதியின் மரணம் / ஜெய் பீம் காம்ரேட்

நெல்லைக்காரர்கள் தவறவிடக் கூடாத ஒப்பீடு இது. 1997 ஜூலை 11, மும்பை ரமாபாய் நகர்: அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதை எதிர்த்துத் திரண்ட தலித் மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1999 ஜூலை 23, திருநெல்வேலி: மாஞ்சோலை தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலம் தடியடியில் சிதறி, தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள்.

நெல்லையில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரண'த்தைச் சம்பவத்தின் சூடு ஆறுமுன் எடுத்தார். ஆனந்த் பட்வர்தன் ரமாபாய் நகரைப் பற்றிய 'ஜெய் பீம் காம்ரேட்'டுக்கு 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு 2011இல் வெளியிட்டார். சுமார் மூன்று மணி நேரம். முன்னது சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது. பின்னது துக்க வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், 'பிறகு என்ன ஆயிற்று' என்று கேட்கிறது. துப்பாக்கிச் சூட்டைத் தாங்க முடியாமல் தூக்கிட்டுக்கொண்ட பாடகர் விலாஸ் கோக்ரேவில் தொடங்கும் அந்தப் படத்தை முழுக்கத் தூக்கிச் சுமப்பவை பாட்டுகள்தாம்.

திரைமொழியில் பட்வர்தன் படம் மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம்மூரில் முதலில் போட வேண்டியது சீனிவாசன் படம். பாலத்தில் பேருந்து போகும்போது தினமும் ஜன்னல் வழியே பார்க்கிற ஆறு அது. சிக்கல் என்னவென்றால், கல்லூரியில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் 1999இல் பிறந்திருக்கவே இல்லை. மாஞ்சோலை என்றால் அவர்களுக்குச் சுற்றுலா இடம். அதனால் படத்துக்கு முன் பத்து நிமிடம் பேசியாக வேண்டும். ஒரு வரைபடம் போதும்: மேலே மாஞ்சோலை, கீழே கொக்கிரகுளம், இடையில் தாமிரபரணி. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை அது, 2028இல் குத்தகை முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், பழைய கதை என்று நினைத்து வந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

'ஜெய் பீம் காம்ரேட்'டை இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். எங்கே நிறுத்தினாலும் பாட்டின் நடுவில் நிறுத்தக் கூடாது.

யானையா, தேனீயா, பருந்தா

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றதும் எல்லோரும் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' (2022) என்பார்கள். ஆஸ்கர் வாங்கிய படம், முக்கால் மணிக்கும் குறைவு, பேச்சு பெரும்பாலும் தமிழ். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் வளர்க்கும் ரகு என்கிற குட்டியை எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது? ஆனால் கடையம், களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் போட்டால் பின்வரிசையிலிருந்து கட்டாயம் ஒரு குரல் வரும்: "வாழைய மிதிச்சுட்டுப் போற யானைக்கு யாரு அண்ணாச்சி பதில் சொல்லுவா?" படத்தில் அதற்கு இடமில்லை. இசையும் கொஞ்சம் அதிகமாகவே தடவுகிறது.

'ஹனிலேண்ட்' (2019) அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகிறது. வடக்கு மாசிடோனியாவில் ஆளில்லாத ஒரு மலைக்கிராமம். அதீஜே என்ற பெண் படுத்த படுக்கையான தாயோடு இருந்துகொண்டு தேன் எடுக்கிறார். பாதி உனக்கு, பாதி எனக்கு: தேனீக்களோடு அவர் செய்துகொண்ட பாகப்பிரிவினை. பக்கத்தில் குடியேறும் குடும்பத்துக்கு வியாபாரி நெருக்கடி கொடுக்க, அவர்கள் அடையை மொத்தமாக வழிக்கிறார்கள். பட்டினி கிடந்த அந்தத் தேனீக்கள் அதீஜேயின் தேனீக்கள்மேல் பாய்கின்றன. மூன்று ஆண்டு எடுத்து, 400 மணி நேரக் காட்சியிலிருந்து கடைந்த படம். வர்ணனைக் குரல் கிடையாது. அவர்கள் பேசும் துருக்கியப் பேச்சுவழக்கு இயக்குநர்களுக்கே தெரியாததால், முதலில் ஒலியை அணைத்துவிட்டுக் காட்சியை மட்டும் வைத்துத் தொகுத்தார்கள். அதனால்தான் வசன வரி (சப்டைட்டில்) படிக்கத் தெரியாத பாட்டிமார்களும் கதையை விடாமல் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றுதான் போட முடியும் என்றால் எங்கள் ஓட்டு இதற்கே.

ஷௌனக் சென்னின் 'ஆல் தட் பிரீத்ஸ்' (2022) டெல்லியில் மாஞ்சா நூலில் அறுபட்டு விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்களைப் பற்றியது. அழகு, ஆனால் மெதுவான அழகு. கூந்தன்குளத்தில் வீட்டு மரத்தில் கூடு கட்டும் பறவைகளோடு வாழ்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்புக்குத் தாங்காது.

சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) படத்துக்கு இந்தப் பட்டியலில் எதிராளி இல்லை. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள். கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் போட்டால், குச்சி அடுக்கிய கைகள் கூட்டத்திலேயே இருக்கும். கேள்வி நேரத்தில் மைக்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு அமைப்பாளர் சும்மா இருந்தால் போதும்.

எங்கே கெடுகிறது

தமிழில் வசன வரி சேர்ப்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பிளேயரில் தேர்ந்தெடுத்திருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள்; லதா அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். கண்டபடி குறிகள் வந்தால், கோப்பை யுடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கவில்லை. வரி தொடக்கம் முதல் ஒரே அளவு பிந்தினால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளால் தள்ளிச் சரிசெய்யலாம். முதலில் சரியாக இருந்து போகப்போக விலகினால் தள்ளிப் பயனில்லை: படம் நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), வசன வரிக் கோப்பு 23.976க்குச் செய்தது என்று இருக்கும். ஒன்றரை மணி நேரப் படத்தில் கடைசியில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிசகும். சட்டக வேகத்தை மாற்றித் திரும்பச் சேமிக்க வேண்டும். இதைக் காட்சிக்கு முந்தைய நாள், படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டித்தான் கண்டுபிடிக்க முடியும்.

நெட்ஃபிளிக்ஸ் படம் என்றால், சில ஆவணப்படங்களுக்கு மட்டும் கட்டணமில்லாத கல்விக் காட்சிக்கு அந்த நிறுவனம் அனுமதி தருகிறது. அந்தந்தப் படத்தின் இணையப் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நோட்டீஸ் அடியுங்கள்.

ஆனி, ஆடியில் திறந்தவெளிக் காட்சி வைப்பவர்களுக்கு: கயத்தாற்றில் காற்றாலை சுற்றவைக்கிற அதே காற்றுதான் உங்கள் வேட்டித் திரையிலும் அடிக்கும். மேலே மட்டும் கட்டினால் திரை பாய்மரமாகப் புடைத்து, படம் மங்கும், முகங்கள் கோணும். அடியோரத்தை மடித்துத் தைத்து அதற்குள் ஒரு பிவிசி குழாயை நுழைத்து, குழாயில் மணல் நிரப்பி, இரு முனையையும் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். திரையைச் சுவரோடு ஒட்டி, மேற்குக்கு முதுகு காட்டி வைத்தால் இன்னும் நல்லது. மைக்குக்கு மேல் ஒரு பஞ்சு உறை போட மறந்துவிட்டால், கலந்துரையாடல் முழுக்கக் காற்றுதான் பேசும்.