1970 பத்து ரூபாயா, 2020 எழுபத்தஞ்சு ரூபாயா: விவசாய வெள்ளிக் காசுல எத வாங்கலாம்?

விவசாயத்தையும் உணவையும் வச்சு நம்ம அரசு அடிச்ச வெள்ளிக் காசுல ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதுன்ற கேள்வி எனக்கும் வந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு 1970 பத்து ரூபாயத்தான் எடுத்தேன், அதனால இந்த அலசல் அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

கணக்க சுருக்கமா முடிச்சிடலாம். பத்து ரூபா, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக "எல்லாருக்கும் உணவு"ன்னு வந்தது. 15 கிராம், 34 மி.மீ., 80 சதவீதம் வெள்ளி, ஆக 12 கிராம் சுத்த வெள்ளி. 1971னு வருஷம் போட்டதும் இருக்கு. எழுபத்தஞ்சு ரூபா, அதே நிறுவனத்தோட 75வது வருஷத்துக்கு 2020 அக்டோபர் 16, உலக உணவு தினத்தன்னிக்கு பிரதமர் வெளியிட்டது. 35 கிராம், 44 மி.மீ., ஆனா வெள்ளி பாதிதான், மீதில 40 சதவீதம் செம்பு, அஞ்சஞ்சு சதவீதம் நிக்கலும் துத்தநாகமும். அப்படிப் பாத்தா சுத்த வெள்ளி 17.5 கிராம், பழசவிட இதுலதான் ஜாஸ்தி. கையில வச்சா கனமா பெருசா இருக்கும், புதுசு வேற, பாக்க அழகுதான், அதுல சண்டையே இல்ல.

ஆனா எனக்கு முடிவு பண்ணது பராமரிப்பு. செம்பு எவ்வளவு கூடுதோ அவ்வளவு சீக்கிரம் காசு பழுப்படிச்சுக் கறுக்கும். 80 சதவீதக் காசும் கறுக்கத்தான் செய்யும், ஆனா மெதுவா, ஓரத்துல இருந்து சாம்பலும் லேசான பொன்னிறமுமா படரும், அந்த நிறத்துக்காகவே வாங்கறவங்க இருக்காங்க. பாதி வெள்ளிக் காசுல திட்டுத்திட்டா பழுப்பு விழும், அதுவும் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கற பரப்புல ஒரு விரல் ரேகை பட்டுட்டா கொஞ்ச நாள்ல அப்படியே பதிஞ்சு நிக்கும். இதுக்கு மேல ஒரு சிக்கல் இருக்கு, புதுக் காசு மின்ட் (அரசு நாணயச்சாலை) குடுத்த பெட்டியோட இருந்தாத்தான் நல்ல வெல கேக்க முடியும், பெட்டியப் பிரிச்சு காப்ஸ்யூலுக்கு, அதாவது காச மூடி வைக்கற வட்டப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு, மாத்தலாம்னா விக்கும்போது "ஒரிஜினல் பேக்கிங் இல்லையே"ன்னு கொறைப்பாங்க, பிரிக்காம விட்டா உள்ள இருக்கற அட்டையும் பசையும் காத்தும் சேந்து என்ன பண்ணுதுன்னு நம்ம கையில இல்ல. பத்து ரூபாய்க்கு இந்தத் தொல்லையே கிடையாது, நல்ல காப்ஸ்யூல், ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட், அவ்வளவுதான். எந்தக் காசா இருந்தாலும் பிவிசி கவர்ல மட்டும் போடாதீங்க, பச்சையா பிசுபிசுன்னு ஒண்ணு படியும், ரப்பர் பேண்டும் கூடாது, அதுல இருக்கற கந்தகமே வெள்ளியக் கறுக்க வச்சிடும். பாலிஷ் போடவே போடாதீங்க, தேச்ச கோடு லென்ஸ்ல பாத்தா தெரியும், அன்னிக்கே வெல பாதியாயிடும்.

அவசரத்துக்கு வெள்ளிக்கடைல போட்டாலும் 80 டச்சுன்னு, அதாவது 80 சதவீதம் சுத்தம்னு, சொன்னா பேச்சு சுலபம், பாதி வெள்ளின்னு சொன்ன உடனே கழிவு அது இதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ப்ரூஃப் காசு, அதாவது சேகரிக்கறவங்களுக்காகவே கண்ணாடி மாதிரி பளபளப்பா அடிக்கறது, நான் வாங்கி வச்சதில்ல, ரெண்டுல எதோட ப்ரூஃப் நாள்பட நல்லா நிக்கும்னு அனுபவத்துல சொல்ல முடியாது.

நடுவுல 1973 இருபது ரூபா ஒண்ணு இருக்கு, "உணவு உற்பத்தியப் பெருக்குங்க"ன்னு வந்தது, 30 கிராம், அதுவும் பாதி வெள்ளிதான், அதனால மேல சொன்ன கறுப்புத் தொல்லை அதுக்கும் உண்டு.

பத்து ரூபாய எடுக்க இன்னொரு காரணமும் இருக்கு, அது மனசு சம்பந்தப்பட்டது. 65, 66 வறட்சியில அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த கோதுமைய நம்பி நாடு இருந்துச்சு. நம்ம சி. சுப்பிரமணியம் விவசாய மந்திரியா இருந்தப்போ 1966ல மெக்சிகோவுல இருந்து 18,000 டன் புது ரகக் கோதுமை விதை வந்து எறங்குச்சு, அதுக்கப்புறம்தான் வெளைச்சல் ஏற ஆரம்பிச்சுது. அந்த மாத்தம் நடந்துட்டு இருந்தப்பவே அடிச்ச காசு இந்த 1970 பத்து ரூபா. 2020 காசு ஒரு ஆண்டு விழாவுக்கு வந்தது, அதுக்கு மரியாத உண்டு, ஆனா எனக்கு ரெண்டும் ஒண்ணில்ல.

பத்து ரூபாய வாங்கறப்போ தராசுல போடுங்க, 15 கிராமுக்கு நல்லாக் கொறஞ்சா விட்டுடுங்க. அசோகச் சிங்கத்தோட பிடரி மயிர் கோடு கோடா தெரியணும், மழுங்கியிருந்தா பொழக்கத்துல தேஞ்ச காசு, அதுக்கு வெள்ளி வெலைக்கு மேல பெருசா குடுக்காதீங்க. வருஷத்துக்குக் கீழ சின்ன டைமண்ட் இருந்தா பம்பாய் மின்ட், ஒண்ணும் இல்லன்னா கல்கத்தா.